திருகோணமலை மாணவருக்குச் சுற்றாடல் விஞ்ஞானம்: வவுனியாவா, வந்தாறுமூலையா, தெற்கா?

உயர்தரப் பெறுபேறு வெளியான கையோடு உயிரியல் பிரிவுப் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு கணக்கு நடக்கும். மருத்துவம் எட்டாது. பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும் எல்லைக்கோட்டில் ஊசலாடும். இன்னொரு முறை எழுதுவதா, கிடைப்பதை எடுத்துக்கொண்டு போவதா என்று பெரியப்பாவிலிருந்து பக்கத்து வீட்டு ஆசிரியை வரை எல்லோரும் தீர்ப்புச் சொல்லி முடிப்பார்கள். அதன்பிறகுதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பிள்ளை நிதானமாகப் புரட்டுகிறது. 'சுற்றாடல்' என்ற சொல் கண்ணில் படுகிறது. படிக்கலாம் போலத் தோன்றுகிறது. ஆனால் எங்கே?

நகரில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் என்பதால் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் என் வாசலுக்கு வருகிறது. என் பதிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பட்டத்தின் பெயரில் சுற்றாடல் இருக்கிறதா என்று தேடுவதைவிட, பாடத்திட்டத்துக்குள் இரசாயனவியலும் புள்ளிவிபரவியலும் களவேலையும் எவ்வளவு இருக்கின்றன என்று தேடுங்கள். இரசாயன ஆசிரியன் வேறு எதைச் சொல்வான் என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

இந்தப் படிப்பு எந்த வேலையைச் செய்யக் கற்றுத்தருகிறது என்று தெரிந்தால்தான் ஒப்பிட முடியும். அதற்கு எங்கள் மாவட்டமே போதும். சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் பல ஆண்டு இழுபட்டு, 2016 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளில் எழுந்த கேள்விகளை நினைத்துப் பாருங்கள். இயந்திரத்தைக் குளிர்வித்து வெளியேறும் வெந்நீர் கொட்டியாரக் குடாவில் கலந்தால் மீன்குஞ்சுகளுக்கு என்ன ஆகும்? சாம்பலில் உள்ள பார உலோகங்கள் கிணற்று நீரில் இறங்குமா? மேடையில் உணர்ச்சியோடு பேசியவர்களுக்குப் பஞ்சமில்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் அட்டவணைகளை வாசித்து, எண்ணுக்கு எண் பதில் சொல்லக்கூடிய உள்ளூர்ப் பட்டதாரிகள்தான் அருமை. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் வருகிறது. நிலம், மேய்ச்சல், நீரோட்டம் என்று அதற்கும் கேள்விகள் இருக்கின்றன. நிலக்கரிக்குக் கேட்டவர்கள் பலர் இதற்குக் கேட்பதில்லை.

இன்னும் சொல்லலாம். புல்மோட்டையில் இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கோன் கலந்த கனிய மணல் அள்ளப்படுகிறது. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவில், முருகைக் கற்களின் மேல் ஏறி நின்று படம் எடுக்கும் கூட்டம் குறையவில்லை. மகாவலி தன் 335 கிலோமீற்றர் பயணத்தில் சேர்த்த மண்ணையும் வயல் இரசாயனங்களையும் மூதூர்ப் பக்கம் கடலில் கொண்டுவந்து சேர்க்கிறது. பதவி ஸ்ரீபுரவில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருக்கிறது. சீனக்குடாவில் மாவு ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் எண்ணெய்த் தாங்கிகளும் ஒரே குடாவைப் பார்த்தபடி நிற்கின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் புள்ளிமான்கள் குப்பைப் பைகளை முகர்ந்து திரிகின்றன. இவற்றில் எந்த ஒன்றைத் தொட்டாலும் நீர் மாதிரி எடுக்கவும், அதைப் பகுக்கவும், வந்த எண்ணை நம்பலாமா என்று சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மரம் நடுவதில் ஆர்வம் இருப்பது நல்ல குணம். தகைமை என்று அதைச் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் பக்கத்து வளாகம்

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். நிலாவெளி வீதியில், கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. "பிள்ளை வீட்டில் இருந்தே போய்வரலாமே" என்று அம்மாமார் கேட்பது நியாயம்தான். ஆனால் அங்கே தொடர்பாடலும் வணிகமும், கணினி விஞ்ஞானமும் பிரயோக பௌதிகவியலும், சித்த மருத்துவமும்தான் நடக்கின்றன. சுற்றாடல் விஞ்ஞானப் பட்டம் இல்லை. உயிரியல் பிரிவு மாணவருக்கு அங்கே இயல்பாகத் திறக்கும் கதவு சித்த மருத்துவம். மூலிகையில் உண்மையான ஈடுபாடு இருந்தால் அது நல்ல படிப்பு. வீட்டுச் சாப்பாட்டுக்காக மட்டும் அதைத் தெரிவு செய்தவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே எப்படியும் ஊரைவிட்டுப் போகவேண்டும். எவ்வளவு தூரம் என்பதுதான் மிச்சம்.

வவுனியா

பெயரிலேயே சுற்றாடல் விஞ்ஞானம் உள்ள பட்டத்தைத் தமிழ்ச் சூழலுக்கு அருகில் படிக்க விரும்பினால் வவுனியாதான் முதல் தெரிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த அது 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். நகரிலிருந்து மன்னார் வீதியில், பம்பைமடுவில் இருக்கிறது. பிரயோக விஞ்ஞான பீடத்தின் உயிரியல் விஞ்ஞானத் துறை இந்தப் பட்டத்தை நடத்துகிறது. எங்கள் ஊரிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீற்றருக்கு உள்ளேதான் தூரம்; காலை பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் இறங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து ஞாயிறு திரும்பும் பிள்ளைகள் பலர்.

இதன் பலம், தொடக்கம் முதலே திசை தெளிவாக இருப்பது. சூழலியல், மாசடைதல், நீர், மண், கழிவு முகாமைத்துவம், புவியியல் தகவல் முறைமை (தரவைக் கணினி வரைபடத்தில் ஏற்றிப் பகுப்பது) என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. சுற்றிலும் உலர் வலயம். குளம், தூர்ந்த குளம், கிணற்று நீரின் கடினத்தன்மை, யானையும் வயலும் மோதும் எல்லைக் கிராமம் எல்லாம் பஸ் பயணத் தூரத்தில் கிடைக்கின்றன. எங்கள் கந்தளாயிலும் மொறவெவவிலும் இருக்கும் சிக்கல்களும் இவைதான் என்பதால், அங்கே கற்ற முறையை இங்கே அப்படியே பயன்படுத்தலாம். சிங்கள மாணவர்களும் கணிசமாகப் படிக்கிறார்கள். இதைச் சில பெற்றோர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது பெரிய வரவு. நாளைக்கு மாவட்டச் செயலகக் கூட்டத்தில் பாதிப் பேச்சு சிங்களத்தில்தான் நடக்கப் போகிறது.

பலவீனமும் உண்டு. பரந்த பட்டம் என்றால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் என்றுதான் பொருள். மாணவர் தானாக ஒரு திசையில் ஆழம் தேடாவிட்டால், நான்கு ஆண்டின் முடிவில் 'எல்லாம் தெரியும்' என்ற நிலையில் வெளியே வருவார். நேர்முகத் தேர்வில் அது 'எதுவும் முழுதாகத் தெரியாது' என்று கேட்கும். அங்கே போகிறவர்களிடம் நான் சொல்வது இரண்டே: பகுப்பாய்வு இரசாயனத்தைத் தொடும் எந்தப் பாடத்தையும் விடாதீர்கள், இறுதி ஆண்டு ஆய்வுக்கு ஆய்வுகூடத்தில் கருவி தொடும் தலைப்பை எடுங்கள். கேள்விக்கொத்துக் கொடுத்து 'விழிப்புணர்வு எவ்வளவு' என்று எண்ணும் ஆய்வுகள் சீக்கிரம் முடியும். அவற்றால் கையில் ஒரு திறனும் ஒட்டுவதில்லை.

கடல் மட்டும் அங்கே இல்லை. இதை எங்கள் பிள்ளைகள் போன பிறகுதான் உணர்கிறார்கள்.

வந்தாறுமூலை

மட்டக்களப்பு மாவட்டத்தில், வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் சுற்றாடல் என்ற பெயரில் தனிப் பட்டத்தைத் தேடி ஏமாறுகிறவர்கள், அங்கே இருப்பதைப் பார்ப்பதில்லை. இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் எல்லாம் அங்கே தனித் துறைகள். மூன்றாண்டுப் பொதுப் பட்டம் எடுக்கலாம். முதல் ஆண்டுகளில் நல்ல புள்ளி பெற்றால் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம். சுற்றாடலில் ஆர்வமுள்ள, இரசாயனவியலில் உறுதியான மாணவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பாதையைத்தான். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, ஆய்வை நீரின் தரத்தில் செய்து, பிறகு பேராதனையிலோ வெளிநாட்டிலோ சுற்றாடலில் முதுமாணி படித்தவர் எந்த மேசைக்கும் போகலாம். சுற்றாடலில் இளமாணி முடித்தவர் பின்னர் இரசாயனவியலுக்குத் திரும்புவது அவ்வளவு எளிதல்ல. பாதை ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம்.

மட்டக்களப்பு வாவி பக்கத்தில் இருப்பது விலங்கியல், தாவரவியல் மாணவருக்குப் பெரிய கொடை. கண்டல், இறால் வளர்ப்பு, வாவியின் முகத்துவாரம் திறப்பதும் மூடுவதும், நகரக் கழிவு என்று ஒரு வாழ்நாள் ஆய்வுக்கான விடயம் அங்கே கிடக்கிறது. எங்கள் உப்பாறு, வெருகல் முகத்துவாரம், சம்பல்தீவுக் களப்பு ஆகியவற்றோடு ஒப்பிட அது சரியான பயிற்சிக் களம். பயணமும் முன்போல் இல்லை. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தபின் மூதூர், வாகரை வழியான கரையோர வீதியில் பஸ்ஸில் நேராகப் போகலாம்; படகுப்பாதைக்காகக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது.

விவசாய பீடத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுற்றாடல் படிக்க வருகிறவர்கள் விவசாயத்தை ஏளனமாகப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். மண் விஞ்ஞானம், நீர்ப்பாசனம், பீடைகொல்லி எல்லாம் சுற்றாடல் இல்லாமல் வேறென்ன? அந்தப் பட்டத்துக்கென்றே நாட்டில் ஒரு விவசாய சேவை இருக்கிறது. திணைக்களங்களும் மாகாண அமைச்சும் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கிடைத்தால், சுற்றாடல் என்ற பெயருக்காக அதை விட்டுவிட வேண்டாம்.

தெற்கே போனால்

களனியில் சுற்றாடல் பாதுகாப்பும் முகாமைத்துவமும் என்ற பட்டம் இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் வனவியலுக்கும் சுற்றாடல் விஞ்ஞானத்துக்கும் என்றே ஒரு துறை இருக்கிறது. காட்டைப் பற்றிப் படிக்க விரும்புகிறவருக்கு நாட்டில் அதைவிடப் பழகிய இடம் குறைவு, யகிரல வனத்தில் அவர்களுக்குக் களம் உண்டு. பேராதனையில் விஞ்ஞான பீடத்துக்குள் போய், பிறகு சுற்றாடல் பக்கம் திரும்பலாம். அரச தாவரவியல் பூங்கா அடுத்த வாசலில். பட்டப்பின்படிப்பு நிறுவனங்களும் அங்கேயே. சபரகமுவவில், பெலிஹுல்ஓயா மலையடிவாரத்தில், இயற்கை வளங்களைச் சார்ந்த படிப்பு இருக்கிறது.

இவற்றின் உண்மையான பலம் விரிவுரை மண்டபத்துக்கு வெளியே கிடைக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் தலைமையகம் பத்தரமுல்லையில். நீர்வாழ் வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாரா மட்டக்குளியில். ஆலோசனை நிறுவனங்களும் பெரிய ஆய்வுகூடங்களும் கொழும்பைச் சுற்றியே. பயிற்சிக்கு ஆள் தேடும் அதிகாரி, முதலில் பஸ்ஸில் வந்துபோகக்கூடிய மாணவரைத்தான் கூப்பிடுவார். களனியில் படிக்கும் பிள்ளைக்கு அது மூன்றாம் ஆண்டிலேயே கிடைக்கிறது. வவுனியாவிலோ வந்தாறுமூலையிலோ இருப்பவர் அதற்காகத் தனியாக முயலவேண்டும்.

விலையும் உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. மகாபொலப் புலமைப்பரிசிலோ உதவிப்பணமோ கிடைக்கலாம். ஆனால் விடுதி கிடைக்காத ஆண்டில் களனியிலோ நுகேகொடையிலோ அறை எடுத்தால் அந்தப் பணம் வாடகைக்கே காணாது. இரவு ரயிலில் ஊருக்கு வந்துபோவது சுகம்தான். ஆனால் அடிக்கடி முடியாது. மொழியும் அப்படித்தான். எல்லா இடத்திலும் விஞ்ஞானம் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகிறது, வவுனியாவிலும் வந்தாறுமூலையிலும்கூட. வித்தியாசம் விரிவுரைக்குப் பிறகு தொடங்குகிறது. விளங்காததைத் தமிழில் கேட்க ஒரு மூத்த மாணவர் அருகில் இருக்கிறாரா என்பது முதல் ஆண்டில் சிறிய விடயமல்ல. திருகோணமலை நகரப் பாடசாலைப் பிள்ளைகளைவிட வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வலிக்கும். அவர்களிடம் தெற்கே போகவேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ஒரு பந்தியை உதவியின்றி எழுத முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கடல்தான் வேண்டும் என்றால்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒரு சாராருக்குச் சுற்றாடல் என்றால் கடல். துறைமுக வாயிலுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்ந்து இறங்குகிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே கண்ணில் படுகின்றன. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உலர் வலயக் குளம் பற்றிய படிப்புச் சலிக்கலாம்.

அவருக்கு முதல் இடம் மாத்தறை. ருகுணு பல்கலைக்கழகத்தில் மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடமே இருக்கிறது; சமுத்திரவியலும் கடல் புவிச்சரிதவியலும் அங்கே ஒழுங்காகக் கற்பிக்கப்படுகின்றன. நாட்டின் மறுமுனை என்பது உண்மை. யாழ்ப்பாணத்தின் விஞ்ஞான பீடத்திலும் மீன்பிடியியல் படிக்கலாம். தமிழ் மாணவருக்கு மொழியும் சாப்பாடும் அங்கே இலகு. 2014 இல் அமைந்த சமுத்திரப் பல்கலைக்கழகம் இன்னொரு வழி. அதன் திருகோணமலை நிலையத்தைப் பார்த்துவிட்டுப் பட்டமும் இங்கேயே நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பிராந்திய நிலையங்களில் பெரும்பாலும் தொழிற்பயிற்சிதான். பட்டத்துக்கு மட்டக்குளிக்குப் போகவேண்டும். விண்ணப்பமும் தனி. அதை மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் தேடினால் கிடைக்காது.

கடல் படித்தவருக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் 2021 மே மாதத்தை மறந்துவிட்டார்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது அதில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் கரையை மூடிய பிளாஸ்ரிக் மணிகளும் இருந்தன. இறந்த ஆமைகள் கரையொதுங்கின. இழப்பைக் கணக்கிட்டு நட்டஈடு கேட்க விஞ்ஞானிகள் தேவைப்பட்டார்கள், உடனே. எண்ணெய்க் கப்பல் வந்துபோகும் எங்கள் துறைமுகத்துக்கு அப்படி ஒரு நாள் வராது என்று யாரும் எழுதித்தர முடியாது.

வேறு வழிகள்

கலைப்பிரிவில் படித்தவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். விஞ்ஞானமாணிப் பட்டத்துக்கு வழியில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் புவியியல் துறைகள் இருக்கின்றன, தமிழிலேயே படிக்கலாம். புவியியல் தகவல் முறைமையையும் செய்மதிப் படங்களையும் கையாளப் பழகிய புவியியல் பட்டதாரி, அனர்த்த முகாமைத்துவத்தில் பல விஞ்ஞானப் பட்டதாரிகளைவிடப் பயன்படுவார். 2020 டிசெம்பரில் புரெவிச் சூறாவளி குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியபோது எந்தக் கிராமத்தை முதலில் வெளியேற்றுவது என்ற கேள்விக்கு வரைபடம்தான் பதில் சொன்னது.

தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் படித்தவருக்குக் கிளிநொச்சியில், அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் இருக்கிறது. வேலை பார்த்தபடி படிக்க வேண்டியவருக்குத் திறந்த பல்கலைக்கழகம். கட்டணம் உண்டு, காலமும் கூடும், சுயகட்டுப்பாடு இல்லாதவர் பாதியில் விட்டுவிடுவார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சுற்றாடல் இளமாணி கிடைக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். முகவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

படித்து முடித்த பின்

இங்கே இனிப்புப் பூச ஒன்றுமில்லை. 2017 இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் நகரிலும்தான். பின்னர் பலருக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் கிடைத்தது. படித்தது ஒன்று, பிரதேச செயலகத்தில் நிரப்பும் படிவம் வேறொன்று. விஞ்ஞானப் பட்டதாரிகள் கலைப் பட்டதாரிகளைவிடக் கொஞ்சம் நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்பதற்குமேல் நான் உறுதி சொல்லமாட்டேன்.

அரச வேலைகளை வரிசைப்படுத்தினால் இப்படி இருக்கும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் வந்த மத்திய சுற்றாடல் அதிகார சபை, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, கரையோரம் பேணல் திணைக்களம், வனஜீவராசிகள், வனம், நாரா, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். வெற்றிடங்கள் எப்போதாவதுதான் வரும். போட்டிப் பரீட்சையும் நேர்முகமும் இருக்கும். இந்த அறிவித்தல்களை வாசித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பலவற்றில் 'இரசாயனவியல்', 'தாவரவியல்', 'விலங்கியல்', 'சுற்றாடல் விஞ்ஞானம்' என்று பாடங்கள் பெயர் சொல்லிக் கேட்கப்படுகின்றன. சிலவற்றில் கடைசிப் பெயர் இருக்காது. வர்த்தமானியைப் பட்டம் முடிந்தபின் வாசிப்பதைவிட முதல் ஆண்டிலிருந்தே வாசிப்பது நல்லது.

ஆசிரியத் தொழிலையும் மறைக்காமல் சொல்கிறேன். மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் உயர்தர இரசாயனவியலுக்கு ஆசிரியர் கிடைப்பது பெரும்பாடு. இரசாயனவியல் அல்லது விலங்கியல் பட்டதாரி அந்தக் கதவைத் தட்டினால் திறக்கும். சுற்றாடல் விஞ்ஞானப் பட்டதாரியிடம் 'எந்தப் பாடம்?' என்று கேள்வி வரும். சுற்றாடல்தான் வேண்டும் என்ற பிள்ளையையும் அடிப்படை விஞ்ஞானத் துறையின் பக்கம் தள்ளுவதற்கு எனக்கிருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

தனியார் துறையில் வேலை இல்லை என்பது பழைய பேச்சு. தொழிற்சாலைக்கும் ஹோட்டலுக்கும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைப் புதுப்பிக்கக் கழிவுநீர் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை எத்தனை ஹோட்டல் எழுந்திருக்கிறது என்று பாருங்கள். பலவற்றின் கழிவுநீர் எங்கே போகிறது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைத் திருத்தத் தெரிந்த ஒரு பட்டதாரி இந்த வீதியிலேயே பிழைத்துக்கொள்வார் என்பது மட்டும் நிச்சயம். பெரிய திட்டங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. அவர்கள் கேட்பது மாதிரி எடுக்கவும், வரைபடம் போடவும், ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதவும் தெரியுமா என்பதை. உங்கள் பட்டத்தில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று அவர்கள் இரண்டாவதாகத்தான் பார்ப்பார்கள்.

பெண் பிள்ளைகள் விடயம்

என்னிடம் வருகிறவர்களில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். அப்பாமாரின் முதல் கேள்வி களவேலை பற்றியது. காட்டுக்குப் போகவேண்டுமா, இரவில் ஆமை எண்ண வேண்டுமா, ஆண்களோடு படகில் ஏற வேண்டுமா? ஆம், சில நாட்கள் போகவேண்டும். குழுவாகப் போவார்கள், விரிவுரையாளர் உடன் போவார், மறுநாள் திரும்புவார்கள். கல்முனைக்கு ரியூசனுக்கு அனுப்பிய அதே அப்பா இதற்குத் தயங்குவது எனக்கு விளங்குவதில்லை. பகிடிவதை பற்றிய பயம் இதைவிட நியாயமானது. 1998 முதல் அதற்கென்றே சட்டம் இருக்கிறது என்றாலும், சட்டம் இருப்பது போதாது. போகும் பீடத்தில் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

விருப்ப வரிசையை எப்படி எழுதுவது

படிவத்தில் பட்டமும் பல்கலைக்கழகமும் சேர்ந்தே வரிசைப்படுத்தப்படும். உங்கள் இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் உயர்தரப் புள்ளி) எட்டும் இடங்களில் மேலே எழுதியிருப்பதுதான் கிடைக்கும். ஆகவே 'எது கிடைக்கும்' என்று ஊகித்து எழுதாமல், 'எது வேண்டும்' என்ற வரிசையில் எழுதவேண்டும். பெரும்பாலான விஞ்ஞானப் பட்டங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொழும்பு மாணவரின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துச் சோர்ந்துபோகத் தேவையில்லை. எங்கள் மாவட்டத்துக்குரிய நிரலைப் பாருங்கள். சென்ற ஆண்டின் புள்ளி ஓர் அடையாளம்தான், வாக்குறுதி அல்ல.

இரசாயனவியலில் நல்ல சித்தி, ஆங்கிலமும் பயமில்லை என்றால், நான் பேராதனை விஞ்ஞான பீடத்தை முதலிலும் வந்தாறுமூலை விஞ்ஞான பீடத்தை அடுத்தும், வவுனியாச் சுற்றாடலை மூன்றாவதாகவும் எழுதச் சொல்வேன். இரசாயனவியல் சுமார், ஆனால் களத்திலும் சூழலியலிலும் மனம் நிற்கிறது என்றால் வவுனியாவும் களனியும் மேலே வரட்டும். கடல்தான் என்றால் தயங்காமல் ருகுணு. விவசாயம் கிடைக்கும் புள்ளி இருந்தால் எந்த வரிசையிலும் அதை முதல் மூன்றுக்குள் வைப்பேன். வீட்டு நிலைமை காரணமாக வாரம் தவறாமல் ஊருக்கு வந்தே ஆகவேண்டிய பிள்ளைக்கு வவுனியாவைவிட நல்லது எதுவும் இல்லை; அதை இரண்டாந்தரத் தெரிவு என்று நினைத்துப் போகத் தேவையும் இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓரிடத்தில் பதிவு செய்துவிட்டால், அடுத்த உயர்தரப் புள்ளியை வைத்து மீண்டும் உள்வாரி அனுமதி கேட்க முடியாது. 'இப்போதைக்குப் பதிந்து வைப்போம், அடுத்த முறை மருத்துவம் கிடைத்தால் மாறலாம்' என்ற திட்டத்தோடு யாரும் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டாம். இன்னொரு முறை எழுதும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் பதிவதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெறுபேற்றுக்கும் விரிவுரை தொடங்கும் நாளுக்கும் இடையில் நீண்ட மாதங்கள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதப் பழகலாம், பேச்சுச் சிங்களம் கற்கலாம், க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் தன் கிராமத்தின் குளங்களை வரைந்து பார்க்கலாம். மூன்றையும் செய்த பிள்ளை வவுனியாவுக்குப் போனாலும் களனிக்குப் போனாலும் முதல் ஆண்டில் திணறாது.